கம்ப்யூட்டரில் படித்த ஏலக்காரி

டோர்மன் ஊர் மாட்டு ஏலக் கொட்டகைக்குப் புதிதாக ஓர் ஏலக்காரர் தேவைப்பட்டார். இருபத்தாறு வருஷமாகப் புதன்கிழமை தவறாமல் கூவிய மைலோவுக்கு செப்டம்பரில் கொரோனா வந்தது. உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. பத்து எண்ணுவதற்குள் நாலு தடவை இருமினார். மாட்டு வியாபாரி எதையும் பொறுத்துக்கொள்வான், விலை பாதியில் நின்று மூச்சு வாங்குவதை மட்டும் பொறுக்க மாட்டான்.

வேலைக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் ட்ரெண்ட். இருபத்தெட்டு வயது, புதுத் தொப்பி, இடுப்பில் தட்டு மாதிரி ஒரு பெல்ட் பக்கிள். உலகம் அடைபடுவதற்கு ஒரு மாதம் முன்னால் மிசோரிக்குப் போய், ஹோட்டல் மண்டபத்தில் ஒன்பது நாள் உட்கார்ந்து ஏலம் கற்று வந்தவன். இன்னொருத்தி டார்லா. நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் பதினோரு வருஷம் பிள்ளைகளுக்குத் தட்டில் சாப்பாடு போட்டவள். மார்ச்சில் பள்ளிக்கூடம் கம்ப்யூட்டருக்குள் குடிபோனது. கம்ப்யூட்டருக்குப் பசிக்காது என்பதால் டார்லாவுக்கு வேலையும் போனது. அதே மிசோரி ஏலப் பள்ளியில், அதே பாடத்தை, அவள் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எட்டு வாரம் ஜூமில் படித்தாள்.

கொட்டகை முதலாளி லென் குசேரா அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது.

"ஏம்மா டார்லா, நீச்சலைக் கூடவா கம்ப்யூட்டர்ல கத்துக்குவ?"

"தண்ணியில இறங்கிப் பார்த்துட்டு சிரிங்க லென். ஒரு புதன்கிழமை குடுங்க."

லென் அடிப்படையில் வியாபாரி. இலவசமாக வருவதை வேண்டாமென்று சொல்லிப் பழக்கமில்லாதவர். "நவம்பர் ரெண்டாவது புதன். ஆளுக்கு ஒரு மணி நேரம் கூவுங்க. யாரு நல்லா விக்கிறாங்களோ அவங்களுக்கு வேலை. சம்பளம் அப்புறம் பேசுவோம்" என்றார்.

டார்லாவுக்கு அரசாங்க உதவித்தொகை டிசம்பரோடு தீர்கிறது. இது கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர் இறைச்சி ஆலைதான். அங்கே தோளோடு தோள் உரசி நின்று கறி வெட்ட வேண்டும். ஜூன் மாதம் அந்த ஆலையில் ஒரே வாரத்தில் பாதிப் பேர் கொரோனாவில் படுத்தார்கள். அவளுக்கோ ஆஸ்துமா. ஆக, இந்தப் புதன்கிழமையை அவள் வெறும் புதன்கிழமையாக நினைக்கவில்லை.

ஆனாலும் பயப்படவில்லை. தான் என்ன சரக்கு வாங்கியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் வாரம் அந்த ஜூம் வகுப்பில் இருபத்துநாலு பேர் இருந்தார்கள். நாலாம் வாரம் பதினாறு. முடிவில் பதினொன்று. விட்டுப் போனவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வார்த்தை சொன்னார்கள்: "இதெல்லாம் கம்ப்யூட்டர்ல வராதுங்க." வராதுதான். முதல் நாளே கேமராவை அணைத்துவிட்டு மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போனவர்களுக்கு எது வரும்?

மேஜையின் மறுகோடியில் டார்லாவின் மகள் டெஸ்ஸா பத்தாம் வகுப்புப் படித்தாள். அதாவது அவளுடைய கேமரா படித்தது. அது கூரை விசிறியைக் காட்டிக்கொண்டிருக்கும். ஆசிரியர் பாவம், இரண்டு மாதமாக ஒரு விசிறிக்கு வேதியியல் நடத்திக்கொண்டிருந்தார்.

"கவனிக்கிறியாடி?" என்று டார்லா கேட்பாள்.

"கவனிக்கிறேம்மா."

"என்ன நடத்துறாரு?"

"அதான்... ஏதோ உப்பு."

"என் கிளாஸ்ல இப்படிப் படுத்துக் கிடந்தா டீச்சர் அன்னிக்கே வெளிய தள்ளிடுவா, தெரியுமா?"

"உன் கிளாஸுக்கு நீ ஆசைப்பட்டுப் போற. என்னை யாரு கேட்டா?"

பெண் சொன்னதில் பாதி நியாயம். கடைக்குள் நுழைகிறவன் எல்லாம் வாங்க வருவதில்லை, வெயிலுக்கு ஒதுங்குகிறவனும் உண்டு. மீதிப் பாதி கடைக்காரன் தலையில் விழும். எவன் வாங்க வந்தான், எவன் ஒதுங்க வந்தான் என்று முகத்தைப் பார்க்காமல் விசிறியைப் பார்த்துக்கொண்டு விற்றால் சரக்கு நகராது.

டார்லாவின் ஆசிரியை கெய்லி முகம் பார்க்கிறவள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். முதல் நாள் பழைய முறைப்படியே ஆரம்பித்தாள். ஒருவர் கூவ, மற்றவர்கள் சத்தம் போட்டு விலை கேட்க வேண்டும். இணையத்தில் குரல் ஒரு விநாடி தாமதித்து வரும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. இருபத்துமூன்று குரல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, கோழிக்கூண்டுக்குள் நரி புகுந்த மாதிரி ஆகிவிட்டது.

கெய்லி இரண்டு நிமிஷம் நெற்றியைத் தேய்த்தாள். பிறகு சொன்னாள்: "எல்லாரும் மைக்கை அணைங்க. இனிமே வாயும் கிடையாது, கையும் கிடையாது. கண்ணாலதான் விலை கேக்கணும். கூவுறவங்க கண்டுபிடிச்சுக்கணும்."

"விளங்கிடும்" என்றார் டெக்சாஸில் பழைய கார் விற்கும் ஒருவர், மைக்கை அணைக்காமலே.

விளங்கத்தான் செய்தது. எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், தபால் தலை அளவு முகங்களை டார்லா முறைத்துப் பார்த்தாள். எவன் இமை தாழ்ந்தது, எவன் பக்கத்து அறையில் இருக்கும் பெண்டாட்டியைக் கேட்டுவிட்டுத்தான் ஏற்றுவான், எவன் விலை கேட்பதுபோல் நடித்துக்கொண்டு கீழே போனைப் பார்க்கிறான். "ஏத்தப் போறவனுக்குக் கண்ணு இமைக்காது. அந்த நேரத்துல நீங்க வாயைத் திறந்தா கெடுத்துருவீங்க. பொறுங்க. அவனே வருவான்" என்பாள் கெய்லி.

மீதி நேரமெல்லாம் நாக்குப் பயிற்சி. பாத்திரம் கழுவிக்கொண்டே எண்களை மேலும் கீழும் ஓட்டினாள். டெஸ்ஸா காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.

கிடைக்காதவையும் உண்டு. கொட்டகைத் தூசி கிடைக்கவில்லை. ஐம்பது கன்று ஒரே நேரத்தில் கத்துவதை ஒலிப்பதிவாகப் போட்டுக் காட்டினார்கள். சத்தம் வந்தது, நாற்றம் வரவில்லை.

அந்தப் புதன்கிழமை கொட்டகை வாசலில் லென் கைப்பட எழுதிய அட்டை தொங்கியது: "மாஸ்க் போடாதவர்களுக்கு மாட்டுத் தொழுவத்தில் இடம் உண்டு." கவுண்டி நிர்வாகத்தின் உத்தரவு அப்படி. படிப்படியாக உயரும் பெஞ்சுகளில் ஒன்று விட்டு ஒன்றைக் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். களத்தில் நின்று, யார் விலை கேட்கிறார்கள் என்று பார்த்து "ஏய்!" என்று ஏலக்காரருக்குக் குரல் கொடுக்க எப்போதும் மூன்று ஆட்கள் இருப்பார்கள். இருவர் தனிமைப்படுத்தலில் இருந்ததால் அன்றைக்கு ஒரே ஒருவன்.

இந்த ஏற்பாட்டால் அதிகம் எரிச்சலடைந்தவர்கள் வோண்ட்ரா சகோதரர்கள். எமில் அண்ணன், ஆல்வின் தம்பி. இருவருக்கும் கல்யாணமாகவில்லை. ஒரே வீடு, ஒரே டிராக்டர், கொட்டகையில் ஒரே ஏல அட்டை, எண் 214. முப்பது வருஷமாக மேல் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து, அண்ணன் விலை கேட்க, தம்பி முழங்கையால் இடித்து நிறுத்துவார். கேட்பதும் கமுக்கமாகத்தான். கை தூக்கினால் பக்கத்தில் இருப்பவன் போட்டிக்கு வருவான் என்று, ஒரு கண்ணைச் சுருக்கியே மந்தை மந்தையாக வாங்கிய குடும்பம். இன்று கயிறு அவர்களைப் பிரித்துவிட்டது. எமில் இடது பக்கம் மேலே. ஆல்வின் வலது பக்கம், தூணை ஒட்டி. நடுவில் தூண்.

முதலில் ட்ரெண்ட் மேடையேறினான். பையனுக்குக் குரல் வளம், குறை சொல்ல முடியாது. "ஒண்ணு நாப்பது நாப்பது, நாப்பத்தொண்ணு யாரு, நாப்பத்தொண்ணு ஆச்சு, ரெண்டு யாரு" என்று மழை தகரத்தில் விழுவது போலக் கொட்டினான். பெர்னீஸ் ஸ்லாமா கொண்டுவந்திருந்த முதல் பட்டிக் கன்றுகள், நாற்பத்திரண்டு உருப்படி, பவுண்டுக்கு ஒரு டாலர் ஐம்பத்தைந்து சென்ட் போனாலே பெரிது என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். ட்ரெண்ட் அதை ஒன்று எழுபத்தொன்றுக்கு ஏற்றிவிட்டான். களத்து ஆள் இடமும் வலமும் திரும்பித் திரும்பி "ஏய்! ஏய்!" என்று கழுத்துச் சுளுக்கக் கூவினான். கடைசியில், "வித்தாச்சு! எண் 214!"

கூட்டம் விசிலடித்தது. லென் தொடையில் தட்டிக்கொண்டார்.

பின்னறையில் சுடுதண்ணீர் குடித்துக் குரலைப் பதப்படுத்திக்கொண்டிருந்த டார்லாவுக்கு விலை மட்டும் ஒலிபெருக்கியில் கேட்டது. எழுபத்தொன்று. பரவாயில்லை, பெர்னீஸின் பட்டி இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று தொப்பியைச் சரி செய்துகொண்டாள்.

தன் ஒரு மணி நேரம் முடிந்து இறங்கிய ட்ரெண்ட் அவளை வாசலில் மடக்கினான். "மைக்கை ஆன் பண்ண மறந்துடாதீங்க அக்கா. இங்க வைஃபை கொஞ்சம் வீக்கு."

"உன் வாய் வீக்கா இல்லையே, அது போதும் தம்பி."

மேடை ஏறினாள். ஏறிய இரண்டாம் நிமிஷமே சறுக்கல். மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்று, மாஸ்க்குக்குள்ளிருந்து எதையோ கத்தினார். கன்றுகளின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. எட்டு வாரப் பழக்கம், டார்லாவின் வாய் தானாகத் திறந்தது: "நீங்க மியூட்ல இருக்கீங்க, மைக்கை ஆன் பண்ணுங்க!"

சிரிப்பில் கொட்டகைக் கூரை பறந்தது. ட்ரெண்ட் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பெரியவர் மாஸ்க்கைக் கழற்றி, "கேட்டுக் கதவு திறந்து கெடக்குன்னு சொன்னேன் தாயி!" என்றார். அதற்குள் இரண்டு கன்றுகள் வெளியே ஓடி, காப்பிக் கடை வரிசையில் நின்றவர்களுக்கு நடுவே போய்விட்டன. லென் கண்ணை மூடிக்கொண்டார்.

கன்றுகளைப் பிடித்து வரும்வரை டார்லா மேடையில் நின்றாள். முகம் சிவந்ததை மாஸ்க் மறைத்தது. சிரிக்கட்டும். பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டோடு சிரித்ததைப் பார்த்தவள் அவள்.

பிறகு கூவ ஆரம்பித்தாள். ட்ரெண்ட் அளவுக்கு வேகமில்லை. ஒவ்வொரு விலைக்குப் பின்னும் ஒரு விநாடி நின்றாள், இணையத் தாமதத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம். "நெட்டு சிக்குது போல" என்று யாரோ கிண்டல் செய்தார்கள். ஆனால் அந்த ஒரு விநாடியில் அவள் பெஞ்சுகளைப் பார்த்தாள். பார்த்ததும் உள்ளுக்குள் ஏதோ லேசானது. கயிறு கட்டிப் பிரித்து உட்கார வைத்த முகங்கள். ஒவ்வொன்றும் தனிக் கட்டத்தில். வாய் கிடையாது, மூக்கு கிடையாது, கண் மட்டும். அட, இது அவளுடைய வகுப்பறை!

அதற்கப்புறம் களத்து ஆள் "ஏய்" சொல்வதற்கு முன்பே அவள் விலையை எடுத்தாள். மூன்றாம் வரிசைச் சிவப்புத் தொப்பி இமைக்காமல் இருந்தான், பொறுத்தாள், வந்தான். மூலையில் ஒரு தகப்பன் மகனைக் கேட்டுக் கேட்டு ஏற்றினான், அவள் மகனின் கண்ணைப் பார்த்தே கூவினாள். நாலு பட்டி கைமாறியது. கிண்டல் நின்றது.

அடுத்தது பெர்னீஸின் இரண்டாவது பட்டி. அதே தாய்மாடுகளின் கன்றுகள், அதே எடை. ஒன்று நாற்பத்தைந்தில் தொடங்கி, ஐயோவாவிலிருந்து இணையத் திரை வழியாகக் கேட்ட ஒருவர் ஐம்பத்துமூன்று வரை வந்து நின்றுகொண்டார். இரண்டு பேர் மட்டும் மிச்சம். இடது மேல் பெஞ்சு ஐம்பத்துநாலு. வலது தூண் ஐம்பத்தைந்து. இடது. வலது. ஐம்பத்தெட்டுக்குப் போய்விட்டது. இருவரும் ஒரு கண்ணைச் சுருக்கினார்கள். ஒரே மாதிரி, இடது கண்ணை, பாதி மட்டும்.

டார்லா தன் ஒரு விநாடியை எடுத்துக்கொண்டாள். இடது பக்கம் எமில் வோண்ட்ரா. வலது பக்கம், தூணுக்கு அப்பால், ஆல்வின் வோண்ட்ரா. அண்ணனும் தம்பியும் ஒரே பட்டிக்கு ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். யாரிடம் விற்றாலும் எண் 214. இரண்டு பேருமே ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போவார்கள்.

அந்த எழுபத்தொன்று எப்படி வந்தது என்பதும் அப்போது அவளுக்குப் புரிந்தது.

ஒரு சென்ட் ஏறினால் பெர்னீஸுக்கு இருநூறு டாலருக்கு மேல். லென்னுக்கும் தரகு. பேசாமல் கூவிக்கொண்டே போனால் எழுபத்தொன்று வரும், எழுபத்திரண்டுகூட வரும், வேலை கையில். யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவளா அவர்களைப் பிரித்து உட்கார வைத்தாள்? மறுபக்கம், வாங்க வந்தவனை ஒரு தரம் மொட்டையடிக்கலாம். மயிர் வளர்ந்ததும் அவன் வேறு கடைக்குப் போவான்.

"நிறுத்துங்க" என்றாள் ஒலிபெருக்கியில். "எமில் அண்ணே, அந்தத் தூணுக்குப் பின்னாடி யாரு உக்காந்திருக்காங்கன்னு கொஞ்சம் எட்டிப் பாருங்க."

"எதுக்கு?"

"நீங்க இவ்வளவு நேரமா மல்லுக்கட்டுறது உங்க தம்பிகூட."

எமில் எழுந்தார். தூணுக்கு அந்தப் பக்கம் ஆல்வினும் எழுந்தார்.

"நீயாடா கேட்ட?"

"தூண் உன்னை மறைக்குதே, உன்னைப் பார்க்க மாட்டாங்களேன்னு நான் கேட்டேன்!"

"தூண் மறைச்சது உன்னைடா, மடையா! முப்பது வருஷமா நான்தானே கேக்குறேன்?"

"முப்பது வருஷமா நான்தானே நிறுத்துறேன்? இன்னிக்கு இடிக்க ஆளில்லாம ஏத்திக்கிட்டே போயிருக்க!" ஆல்வின் சட்டென்று நின்றார். விரல்களை மடக்கி எதையோ கூட்டினார். "அண்ணே... அப்ப அந்த முதல் பட்டி?"

கொட்டகை முழுக்க எமில் பக்கம் திரும்பியது.

"எழுபத்தொண்ணு" என்றார் எமில், பல் வலிக்காரர் மாதிரி.

இந்தத் தடவை சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷமானது. டார்லா ஐம்பத்துநாலிலிருந்து மறுபடி எடுத்தாள். ஐயோவாக்காரர் இன்னொரு தடவை வந்தார், எமில் ஒருவர் மட்டும் கேட்டார், ஆல்வின் இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஒன்று ஐம்பத்தாறுக்கு முடிந்தது.

ஏலம் முடிந்ததும் காப்பிக் கடை மேஜையில் பஞ்சாயத்து.

"வித்தது வித்ததுதான், விதி அதுதான்" என்றார் லென் வோண்ட்ராக்களிடம். டார்லாவின் பக்கம் திரும்பினார். "உன்னை யாரும்மா நிறுத்தச் சொன்னது? பெர்னீஸ் இப்ப வந்து என் தோலை உரிக்கப் போறா!"

"நான் எப்படிங்க பார்க்கிறது?" என்றான் ட்ரெண்ட், அவனை யாரும் கேட்காமலே. "எங்க கிளாஸ்ல இருநூறு பேரு தொண்டை கிழியக் கத்துவாங்க. காதால பிடிக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்க. இங்க எல்லாரும் மூஞ்சியை மூடிக்கிட்டு ஊமையா உக்காந்திருக்காங்க."

பொய் சொல்லவில்லை பையன். அவன் கற்றதும் நல்ல சரக்குதான், பருவம் மாறிவிட்டது.

அப்போது பெர்னீஸ் ஸ்லாமா வந்தாள். எழுபது வயது, ஆண்கள் பூட்ஸ், கையில் சண்டைக்கு எடுத்து வருவது போல ஒரு குளிர்காலக் கோட்டு. லென் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

"லென், முதல் பட்டியையும் ஐம்பத்தாறுக்கே எழுது."

"பெர்னீஸ், விதிப்படி..."

"உன் விதியை மாட்டுக்குப் போடு. பனி விழுந்தா என் வாசல்ல இருந்து ரோடு வரைக்கும் அரை மைல் வழிச்சு விடுறது இந்த ரெண்டு முட்டாளுங்க டிராக்டர்தான். ஜனவரியில நான் வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்க, பதினஞ்சு சென்ட் எதுக்கு?" வோண்ட்ராக்கள் தரையைப் பார்த்தார்கள். அவள் டார்லாவின் பக்கம் தலையாட்டினாள். "பிப்ரவரியில அறுபது உருப்படி கொண்டு வரேன். இவ கூவினா இங்க. இல்லேன்னா அடுத்த கவுண்டி."

"உனக்கு இவ நஷ்டம் பண்ணியிருக்காளே!"

"தூணுக்குப் பின்னாடி இருக்குற கண்ணைப் பார்த்தவ, என் மாட்டுக்குக் கேக்குற ஒருத்தனையும் தவற விடமாட்டா. உனக்கு இது கூடவா விளங்கல? எத்தனை வருஷமாடா வியாபாரம் பண்ற?"

பெர்னீஸ் போனபின் லென் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். டார்லா கசகசா வைத்த கொலாச்சே ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி. ஆடு, பன்னி, கோழி எல்லாம் நீ. மாடு ட்ரெண்ட்."

"நேர்மாறா வைங்க."

"மாடு உனக்கா? கேட்டு திறந்து கெடந்தது கூடத் தெரியல உனக்கு!"

"அதைக் கம்ப்யூட்டர்ல சொல்லிக் குடுக்கலை. இங்கதான் கத்துக்கணும். கத்துக்கறேன்."

லென் ட்ரெண்டைப் பார்த்தார். ட்ரெண்ட் ஆட்டுத் தொழுவத்தைப் பார்த்தான். "ஆடு போதுங்க" என்றான் மெதுவாக. "ஏன்க்கா, அந்தக் கண்ணு பார்க்கிற வித்தையை எனக்கும் சொல்லித் தருவீங்களா?"

"வியாழக்கிழமை சாயங்காலம் ஜூம்ல வா. கேமராவை அணைச்சா வெளிய தள்ளிடுவேன்."

"சம்பளம், ஒரு புதன்கிழமைக்கு இருநூத்தி அம்பது டாலர்" என்றார் லென்.

டார்லா மென்றுகொண்டிருந்தாள்.

"மைலோவுக்கே ஆரம்பத்துல அவ்வளவுதான் குடுத்தேன்."

அவள் விரலில் ஒட்டிய கசகசாவைத் தட்டினாள்.

"இருநூத்தி எழுபத்தஞ்சு. அதுக்கு மேல என் சட்டையைத்தான் கழட்டணும். கேட்டு, பட்டி, மாட்டை எப்படி உள்ள விடுறதுன்னு நான்தான் உனக்குக் கத்துக் குடுக்கணும், நியாயமா அதுக்கு நீ எனக்கு ஃபீஸ் குடுக்கணும்!"

"எவ்வளவு ஃபீஸ்?"

"இருபத்தஞ்சு டாலர்னு வை."

"சரி, அதையும் சம்பளத்துல சேர்த்துடுங்க. கத்துக்கிட்டா கொட்டகைக்குத்தானே லாபம்?"

லென் மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷ வியாபாரத்தில் தன் வாயாலேயே தான் கொடுக்கும் விலை ஏறியது இதுதான் முதல் தரம். கை கொடுக்க நீட்டியவர், காலம் நினைவுக்கு வந்து, கையை மடக்கி முழங்கையைக் காட்டினார்.

"முந்நூறு" என்றாள் டார்லா.

"முந்நூறு" என்றார் லென்.

அதன் பிறகே அவள் முழங்கையை நீட்டினாள்.